நெய்ச்சோற்றைத் துடைத்தது யார்?

புறநானூற்றின் 188ஆம் பாட்டைப் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்று மூன்று மாதமாக ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு குழந்தை சாப்பிடுவதை அவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதிய பாட்டு இது என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. நடுவில் என் மனைவி கேட்ட ஒரு கேள்வியில் அந்தக் குறிப்பு கெட்டுப்போனது. கெட்டதும் நல்லதுக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

நடந்தது இதுதான். ஒரு வியாழக்கிழமை ராத்திரி எட்டரை மணி. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு ஆறு வயசு, பையனுக்கு மூன்று. கடைசி மீட்டிங்கை முடித்துவிட்டு நான் அறையிலிருந்து வெளியே வந்தபோது, பையன் ரசஞ்சோற்றைத் தொடையில் பூசிக்கொண்டு மிச்சத்தைச் சுவரில் அப்பிக்கொண்டிருந்தான். மனைவி ஈரத்துணியோடு தரையில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பாட்டு ஞாபகம் வந்துவிட்டது. "இதையேதான் ஒரு பாண்டிய ராஜா பாடியிருக்கான், தெரியுமா?" என்று ஆரம்பித்து முழுப் பொருளையும் சொன்னேன். அவள் துடைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: "சரிங்க, அந்த நெய்ச் சோத்த யாரு தொடச்சாங்க?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் அவளிடம், "குழந்தைங்ககிட்ட ஏன் இப்படிக் கத்தற?" என்று கேட்டிருந்தேன். இதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையின் பாதி விளங்காது.

1. ராஜா வீட்டுச் சாப்பாடு

188ஐப் பாடியவர் பாண்டியன் அறிவுடைநம்பி. பிசிராந்தையார் 184ஆம் பாட்டில் வரி வசூல் பற்றி, யானை வயலுக்குள் புகுந்த கதையைச் சொல்லி அறிவுரை கூறியது இதே அரசனுக்குத்தான். 188இன் செய்தி எளிது. எத்தனை செல்வம் சேர்த்திருந்தாலும், பலரோடு சேர்ந்து உண்ணும் பெருஞ்செல்வராகவே இருந்தாலும், மனசை மயக்கும் குழந்தைகள் இல்லாதவர்களுக்கு வாழும் நாளில் பயன் இல்லை என்கிறார். பிள்ளை இல்லாதவர்களைப் பற்றிய அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் நடுவில் அவர் கொடுக்கும் படம் அசலானது. குழந்தை குட்டி அடி வைத்து வருகிறது, கையை நீட்டுகிறது, கலத்துக்குள் கை விடுகிறது, தொடுகிறது, வாயில் கவ்வுகிறது, துழாவுகிறது, கடைசியில் நெய் விட்ட சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. மூன்று வயசுக்குள் ஒரு குழந்தை வீட்டில் இருந்தால் இந்த வரிசை சரி என்று உடனே தெரியும்.

எங்கள் வேலையில் ஒரு சர்வர் விழுந்தால் முதலில் லாக்கை எடுத்துப் பார்ப்போம். யார், எப்போது, என்ன செய்தார்கள் என்பது மட்டும் அதில் இருக்கும். அபிப்பிராயம் எதுவும் இருக்காது. மனைவி கேட்ட கேள்விக்குப் பிறகு இந்தப் பாட்டையும் அப்படிப் பார்த்தேன். ஒரு தாளில் வினைச்சொற்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்தவர் யார் என்று குறித்தேன். நடப்பது, நீட்டுவது, தொடுவது, கவ்வுவது, துழாவுவது, பூசிக்கொள்வது எல்லாம் குழந்தை. செல்வம் சேர்ப்பது, பலரோடு உண்பது பெரியவர். அவ்வளவுதான். சமைத்தவர், ஊட்டியவர், கழுவியவர் யாரும் பாட்டில் இல்லை.

குறளில் மக்கட்பேறு அதிகாரத்தின் பத்துப் பாட்டையும் (61 முதல் 70 வரை) இதே மாதிரி பார்த்தேன். குழந்தை கை விட்டு அளாவிய கூழ் அமுதத்தைவிட இனிக்கிறது. குழந்தையைத் தொட்டால் உடம்புக்கு இன்பம். மழலை கேட்டால் குழலும் யாழும் தேவையில்லை. மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்டு மகிழும் தாய் ஒரு குறளில் வருகிறாள். அலுத்துப்போன தாய் பத்திலும் எங்கும் வரவில்லை.

பள்ளிப் பாடப் புத்தகத்திலிருந்து கல்யாண மேடைப் பேச்சுவரை, குழந்தை வளர்ப்பு என்றதும் நாம் எடுத்துச் சொல்வது இந்த இரண்டு இடங்களைத்தான். அதனால், 'தமிழ் மரபில் குழந்தை என்றாலே கொண்டாட்டம், எரிச்சலெல்லாம் இந்தக் காலத்து வியாதி' என்று ஒரு எண்ணம் பரவிக்கிடக்கிறது. எனக்குள்ளும் அது இருந்தது. மனைவியிடம் நான் கேட்ட கேள்வி அங்கிருந்து வந்ததுதான்.

2. அதே புத்தகத்தில் இன்னொரு வீடு

உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த அதே புறநானூற்றில், 188க்குச் சில பக்கம் முன்னால், குமணனைப் பாடிய பாட்டுகள் இருக்கின்றன. பெருஞ்சித்திரனாரும் பெருந்தலைச் சாத்தனாரும் பரிசில் கேட்டுப் போனவர்கள். தங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். நாம் அவற்றை வறுமைப் பாட்டு என்று தலைப்பிட்டு ஒதுக்கி வைத்திருக்கிறோம். குழந்தை வளர்ப்புப் பாட்டாக அவற்றைப் படித்துப் பார்க்கலாம்.

159இல் பெருஞ்சித்திரனாரின் வீட்டில் வயசான அம்மா ஒருத்தி, கோல் ஊன்றி நடப்பவள், இன்னும் சாவு வரவில்லையே என்று நொந்துகொண்டிருக்கிறாள். மனைவியின் இடுப்பைச் சுற்றிப் பல சின்னப் பிள்ளைகள். அவர்கள் பிசைந்து பிசைந்து குடித்து அவள் மார்பு வாடிப்போயிருக்கிறது. குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கிள்ளி வந்து, உப்பில்லாமல், மோரில்லாமல் வேகவைக்கிறாள். ஒரு பக்கம் முதியவள், ஒரு பக்கம் கைக்குழந்தைகள், நடுவில் ஒருத்தி. இன்றைக்கு இந்த நிலைமைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து, புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள்.

164இல் சாத்தனார் வீட்டு அடுப்பு சமையலை மறந்து காளான் பூத்துக் கிடக்கிறது. பால் இல்லாத மார்பைச் சுவைக்கும்போதெல்லாம் குழந்தை அழுகிறது. தாய் ஈரக் கண்ணோடு குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். கணவன் அவள் துயரத்தைப் பார்த்து, குமணனை நினைத்துக் கிளம்பி வருகிறான். பசி ஒருவர் பார்வையிலிருந்து இன்னொருவர் பார்வைக்குக் கைமாறிக்கொண்டே போகிறது.

ஆனால் என்னை நிறுத்தியது 160. அதுவும் பெருஞ்சித்திரனார்தான். உச்சியில் கொஞ்சம் மயிர் முடிந்த ஒரு பையன். வீட்டில் சாப்பாடு இல்லாததால் வீட்டையே மறந்து வெளியில் திரிகிறவன். வந்து பாலற்ற மார்பைச் சுவைத்துப் பார்க்கிறான், கிடைக்கவில்லை. கூழோ சோறோ இருக்குமா என்று ஒன்றும் இல்லாத பாத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் என்ன செய்கிறாள்? புலி வருது என்று சொல்லிப் பார்க்கிறாள். நிலாவைக் காட்டிப் பார்க்கிறாள். எடுபடவில்லை. நொந்துபோகிறாள். கடைசியில், "உங்கப்பா மேல உனக்கு எப்படிக் கோபம், காட்டு பார்ப்போம்" என்கிற மாதிரி கேட்கிறாள். இப்படிப் பலவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், விடாமல். விழித்திருக்கும் நேரமெல்லாம் அவளுக்கு இதே பாடு.

இந்தப் பாட்டுக்கும் வினைப்பட்டியல் போட்டேன். சுவைப்பது, திறப்பது, அழுவது குழந்தை. புலி சொல்வது, நிலா காட்டுவது, நோவது, கேட்பது, உழல்வது தாய். 188இல் ஒரு வினைகூட இல்லாத ஆள், இங்கே குழந்தையைவிட அதிகம் வினை செய்கிறாள்.

இரண்டு குழந்தைகளும் செய்வது கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதையும் கவனியுங்கள். இரண்டும் பாத்திரத்தைத் துழாவுகின்றன. ஒரு பாத்திரத்தில் நெய்ச்சோறு இருக்கிறது, இன்னொன்றில் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் சாப்பிடவே பலர் கூடுகிறார்கள், இன்னொரு வீட்டில் ஒருத்திதான் இருக்கிறாள். பாசத்தில் இந்த இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் இருப்பதாகப் பாட்டுகள் சொல்லவில்லை.

3. நிலாவுக்கு வந்த மிரட்டல்

புலியும் நிலாவும் அதோடு நிற்கவில்லை. பல நூற்றாண்டு கழித்துப் பெரியாழ்வாரிடம் வருகின்றன. குறிப்பாக நிலா.

பெரியாழ்வார் திருமொழியின் முதல் பத்தே கண்ணன் பிறந்த கொண்டாட்டம். எண்ணெயும் சுண்ணமும் தூவி முற்றமெல்லாம் சேறாகிறது, ஆயர்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், ஆடுகிறார்கள். அந்தக் கூத்தெல்லாம் முடிகிற இடத்தில், ஒன்பதாம் பாசுரத்தில், யசோதை இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்கிறாள்: தொட்டிலில் போட்டால் தொட்டில் கிழிய உதைக்கிறான், தூக்கி வைத்தால் இடுப்பை ஒடிக்கிறான், இறுக்கி அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், தெம்பில்லாமல் நான் மெலிந்துபோனேன், அம்மா.

அந்தத் தெம்பு யாருக்கு இல்லை? பாசுரத்தில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. இந்தத் துள்ளலைத் தாங்கும் வலு பிள்ளைக்கு இல்லையே என்ற கவலையில் தாய் மெலிந்தாள் என்று பொருள் கொள்ளலாம். பக்திக்கு அது பொருத்தமாக இருக்கும். எனக்குத் தெம்பில்லை, அதனால் மெலிந்தேன் என்று நேராகவும் கொள்ளலாம். போட்டால், தூக்கினால், அணைத்தால் என்று மூன்று வழியும் அடைபட்ட பிறகு வருகிற வார்த்தை அது. என் காதுக்கு இரண்டாவதுதான் சரியாகக் கேட்கிறது.

அவள் அதை யாரிடம் சொல்கிறாள் என்பதும் முக்கியம். குழந்தையிடம் சொல்லவில்லை, கணவனிடமும் சொல்லவில்லை, பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் சொல்கிறாள். ஆய்ப்பாடியில் அப்படி ஒருத்தி எப்போதும் பக்கத்தில் இருக்கிறாள். 160இல் புலவரின் மனைவிக்கு அப்படி யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

நான்காம் பத்து முழுக்க நிலாவைக் கூப்பிடுவது. அதில் ஆறாம் பாசுரத்தை ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளையைத் தூங்கவைத்த யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். கொட்டாவி விடுகிறான், ஆனால் தூங்கவில்லை. தூங்காவிட்டால் குடித்த பால் செரிக்காது. நிலாவே, சீக்கிரம் ஓடி வா. இதே பத்தில் நிலாவுக்கு மிரட்டலும் உண்டு. சின்னப் பிள்ளை என்று இளக்காரமாக நினைக்காதே, வராவிட்டால் சக்கரத்தை உன்மேல் எறிவான், சந்தேகமே வேண்டாம் என்கிறாள். தூங்காதது குழந்தை. சக்கரம் வரும் என்று எச்சரிக்கப்படுவது நிலா!

பிற்காலப் பிள்ளைத்தமிழில் இது ஒரு வித்தையாகவே வளர்ந்துவிட்டது. அம்புலிப் பருவத்தில் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயத்தாலும் நிலாவைக் கூப்பிட வேண்டும். நயமாகச் சொல்லி, வித்தியாசம் காட்டி, ஆசை காட்டி, கடைசியில் மிரட்டி. பிள்ளைத்தமிழ் பாடுகிறவர்களுக்கு 'அம்புலி புலி' என்று ஒரு சொலவடை உண்டு, அந்தப் பருவம் பாடக் கடினம் என்பதற்காக. அரசியலுக்காகச் சொன்ன நான்கு உபாயங்களையும் ஒரு நாளில் அடுத்தடுத்துப் பிரயோகிக்கிற இடம் வேறு எது? குழந்தைக்குச் சோறு ஊட்டும் இடம்தான். புலவர்கள் அதை வீட்டில் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள் என்பது என் ஊகம். பார்த்ததை எழுதும்போது, குழந்தைக்கு நேராக வந்த கோபத்தைத் திருப்பி நிலாவின் மேல் விட்டார்கள்.

4. 'யார் அடித்தார்' என்ற கேள்வி

தாலாட்டிலும் இதே வேலை நடக்கிறது. அழும் குழந்தையிடம் யார் உன்னை அடித்தது என்று கேட்கும் தாலாட்டு தமிழ்நாட்டில் கேட்காத ஊர் இருக்காது. மாமனா, அத்தையா, பாட்டியா என்று உறவுக்காரர்கள் வரிசையாகக் கூண்டில் ஏற்றப்படுகிறார்கள், அடித்த ஆயுதமும் பெரும்பாலும் பூச்செண்டுதான். நான் கேட்டு வளர்ந்த வடிவங்களில் அந்தப் பட்டியலில் வராத ஒரே ஆள், நாள் முழுக்கக் குழந்தையோடு இருக்கிறவள், பாட்டைப் பாடுகிறவள்.

இங்கிலாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வின்னிகாட், 1949இல் வெளியான ஒரு கட்டுரையில், ஒரு தாய்க்குத் தன் கைக்குழந்தையின் மேல் வெறுப்பு வருவதற்கான காரணங்கள் என்று நீளமாக ஒரு பட்டியல் போட்டார். சாதாரணத் தாய்மார்களைப் பற்றித்தான் சொன்னார். அந்த வெறுப்பைத் தாங்கிக்கொண்டு, அதை வைத்து ஒன்றும் செய்யாமல் இருக்க முடிவதுதான் தாயின் திறமை என்பது அவர் வாதம். கிளை முறிந்து தொட்டில் விழுவதாக வரும் ஆங்கிலத் தாலாட்டை அதற்குச் சாட்சியாகக் காட்டினார். ஆங்கிலத் தாய் தொட்டிலை விழவைத்துப் பாடுகிறாள், குழந்தைக்கு நல்லவேளையாக அர்த்தம் புரியவில்லை.

நம் ஊர்ப் பாட்டு தொட்டிலை விழவைப்பதில்லை. கோபத்துக்கு வேறு விலாசம் எழுதிவிடுகிறது. புலி, நிலா, மாமன், அத்தை, ஊரில் இல்லாத அப்பா. இதில் எனக்கு இரண்டு மனசு. ஒரு பக்கம், இது பெரிய நாகரிகம். வெடிக்கப் போகிற நேரத்தில், அடி குழந்தைமேல் விழாமல் திசைதிருப்பக் கற்றுக்கொடுக்கிறது. இன்னொரு பக்கம், விலாசம் மாறிக்கொண்டே போனதில் அனுப்பியவள் பெயர் அழிந்துவிட்டது. அம்மாவுக்கும் கோபம் வரும் என்பதே மரபில் இல்லாத சங்கதி மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் இன்றைக்குக் கத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறாள்.

குற்றவுணர்வு மட்டும் அழியாமல் வந்திருக்கிறது. பெரியாழ்வாரின் மூன்றாம் பத்தில் ஒரு பகுதி முழுக்க யசோதை, பிள்ளையைக் கன்றின் பின்னால் காட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கலாய்ப்பதுதான். குடை கொடுக்கவில்லை, செருப்பு கொடுக்கவில்லை, பரல் குத்தும் வெங்காட்டுப் பாதையில் கால் நோக அனுப்பினேனே, கொடியவள் நான் என்கிறாள். காலையில் அவனை வெளியே தள்ளினால் போதும் என்று இருந்த அதே அம்மா, சாயங்காலம் தன்னையே கொடியவள் என்கிறாள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் தூங்கினதும் ஒன்பதே முக்கால் மணிக்கு இது நடக்கும். தூங்கும் பையனின் நெற்றியைத் தடவிக்கொண்டு, "பாவம், இன்னிக்கு ரொம்பத் திட்டிட்டேன்" என்பாள்.

5. எதிர்வாதம் ஒன்று

இவ்வளவு எழுதிய பிறகு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. நான் எடுத்த சாட்சிகள் எல்லாருமே ஆண்கள். 188 ஒரு அரசன். 159, 160, 164 பரிசில் கேட்கப் போன கணவன்மார். பெரியாழ்வார் யசோதையின் குரலில் பாடிய ஆண். களைத்த தாய் தானே பேசியதாக என் பட்டியலில் தாலாட்டு மட்டும்தான், அதிலும் அவள் தன் பெயரை எடுத்துவிட்டாள். பெருஞ்சித்திரனார் மனைவியின் பாட்டைச் சொன்னதே பரிசில் வாங்கத்தானே? அதை எப்படிச் சாட்சியாக எடுப்பது?

எடுக்கலாம் என்றுதான் முடிவுக்கு வந்தேன், ஒரு காரணத்துக்காக. 160இல் இருக்கும் விவரங்கள் கூட இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். முதலில் புலி, பிறகு நிலா, பிறகு அப்பா மேல் கோபம் காட்டச் சொல்வது. தன்னைக் குற்றவாளியாக்கும் அந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்துத்தான் அரசன் முன்னால் பாடுகிறார். பரிசில் கிடைத்ததும், 163ஆம் பாட்டில் மனைவியைப் பார்த்து, இன்னாருக்கு என்று யோசிக்காதே, என்னையும் கலந்துகொள்ளாதே, எல்லாருக்கும் கொடு என்கிறார். அதில் கடன் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர்களும் அடக்கம். அந்த வீடு எப்படி ஓடியது என்று இவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, ராத்திரி ஏழரை மணிக்கு என் மனைவி என்ன சொல்லிப் பையனுக்குச் சோறு ஊட்டுகிறாள்? முதலில் என்ன, அடுத்தது என்ன? எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு வரி தேறவில்லை. எட்டரைக்கு வெளியே வருகிறவனுக்கு, கழுவித் துடைத்த குழந்தைதான் தெரியும், இல்லையென்றால் அறிவுடைநம்பிக்குத் தெரிந்த குழந்தை தெரியும்.

6. ஒன்பது நாள்

இந்த இடத்தில் கட்டுரை நின்றிருந்தது. பிறகு மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும் என்று மனைவி ஒன்பது நாள் கோபிக்குப் போனாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் இரண்டு பேரும் என்னோடு. எனக்கு இரண்டு நாள்தான் விடுப்பு.

முதல் மூன்று நாள் நன்றாகவே போனது. நான்கூட மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள், மறுநாள் ரிலீஸ். செல்போனில் செய்தி வந்துகொண்டே இருந்தது. பையனுக்குத் தோசையைப் பிய்த்துக் கொடுத்தேன். "ஏன் பிச்ச? ஒட்ட வெய்" என்றான். வேறு தோசை ஊற்றினேன். அது வேண்டாமாம், அந்தப் பழைய தோசைதான் வேண்டும், ஒட்டித் தர வேண்டும். பூச்சாண்டி வருவான் என்றேன். யூடியூப் போட்டுக் கொடுத்தேன். "அம்மா வரட்டும், சொல்றேன்" என்றேன். இருபது நிமிஷம் அழுதான். கடைசியில் தட்டைத் தூக்கி மேஜையில் அறைந்து, என் குரலா என்று எனக்கே சந்தேகம் வருகிற மாதிரி கத்தினேன். தோசை தரையில் கிடந்தது. பையன் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். பெண் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அம்மா கத்துனா உங்களுக்குப் பிடிக்காதுல்ல?"

பிள்ளைகள் தூங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. பூச்சாண்டி, செல்போன், ஊரில் இல்லாத அம்மா. புலி, நிலா, ஊரில் இல்லாத அப்பா. 160ஆம் பாட்டை அதே வரிசையில் நடத்திக் காட்டியிருக்கிறேன், நெய்யும் சோறும் இருக்கிற வீட்டில்.

வறுமை வேறு, அலுப்பு வேறு என்று சொல்லலாம். வேறுதான். அந்த அம்மாவிடம் கொடுக்க ஒன்றுமில்லை, என்னிடம் மாவு ஒரு பாத்திரம் இருந்தது. ஆனால் இரண்டு வீட்டிலும் அந்த நேரத்தில் ஒரே ஒரு பெரிய ஆள்தான் இருந்தார். அவர் ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்தார், எல்லாம் தீர்ந்துபோனது. மூன்றாம் நாள் இருந்த பாசம் ஐந்தாம் நாள் குறைந்துவிடவில்லை. தூக்கமும், மாற்றிவிட ஆளும்தான் இல்லை. 'ஏன் கத்தற?' என்று அன்றைக்கு நான் மனைவியிடம் கேட்டது அவள் குணத்தைப் பற்றிய கேள்வி. கேட்டிருக்க வேண்டியது ஆள்கணக்கு.

7. மறுபடி 188

பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் யசோதை கண்ணனை உரலில் கட்டும் கதை எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு கயிறு சேர்த்தாலும் இரண்டு விரற்கடை குறைகிறது. அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கூந்தல் பூ சரிகிறது. அம்மா களைத்துப்போனதைப் பார்த்து இரக்கப்பட்டு, கண்ணன் தானே கட்டுப்படுகிறான். பக்தர்களுக்கு அது கடவுளின் எளிமை. எனக்கு இப்போது அதில் வேறு ஒன்று தெரிகிறது. நான் சோர்ந்திருப்பதை இந்தப் பிள்ளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்ற, எல்லா அப்பா அம்மாவுக்கும் உள்ள நப்பாசை. என் பையனுக்கு மூன்று வயசு. அவன் பார்க்க மாட்டான், பார்க்க வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. வீட்டில் பார்க்க வேண்டிய இன்னொரு ஆள் இருக்கிறார்.

188ஐ இப்போது எப்படிப் படிக்கிறேன் என்று சொல்லி முடிக்கிறேன். அரசனைக் கேலி செய்யும் எண்ணம் போய்விட்டது. பாட்டின் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார், பலரோடு சேர்ந்து உண்ணும் வீடு என்று. அதைச் செல்வத்தின் அடையாளமாக மட்டும் பார்த்து நாம் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த மயக்கம் அங்கே சாத்தியமானதே அந்தப் பலரால்தான். ஒரு குழந்தை உடம்பெல்லாம் சோறு பூசிக்கொள்வதை ஒருவர் ரசித்துப் பார்க்க, துடைப்பதற்கு அந்த வீட்டில் யாராவது இருந்திருக்க வேண்டும். அவர்கள் பெயரைப் பாட்டில் சேர்க்காதது அரசனின் குறை. அந்தப் பாட்டை ஒற்றை ஆளாக நிற்கும் ஒருத்தியிடம் எடுத்துச் சொல்லி, நீ ஏன் மயங்கவில்லை என்று கேட்பது நம்முடைய குறை.

என் காலண்டரில் ஏழு மணியிலிருந்து எட்டரை வரை மீட்டிங் போட முடியாதபடி அடைத்து வைத்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு நாள் தவறிவிட்டேன். மனைவி கோபியிலிருந்து வந்த பிறகு தோசைக் கதையைச் சொன்னேன். இந்தத் தடவை அவள் சிரித்தாள். "ஒட்டிக் குடுத்திருக்கலாமில்ல, நான் அப்படித்தான் குடுப்பேன்" என்றாள். பிய்ந்த இரண்டு துண்டையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே கொஞ்சம் நெய் தடவினால் அவனுக்கு ஒட்டின மாதிரிதானாம்.